கைதிகளின் நீதிமன்றக் கட்டண விலக்கு (அமெரிக்கா)

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்குத் தொடரும் சிறைக்கைதி, கட்டணத்தை முன்னதாகக் கட்ட வசதியில்லை என்று விண்ணப்பித்துப் பெறும் சலுகை. 'ஏழையின் நிலையில்' என்று பொருள்படும் 'இன் ஃபார்மா பாபரிஸ்' என்னும் லத்தீன் தொடரே இதன் சட்டப் பெயர். இதன் வேர் இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றியின் 1495ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளையும் இதே மரபில் வந்ததுதான். அதிலிருந்த 'பாப்பர்' என்ற சொல்லை 1976ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றிவிட்டது.

அமெரிக்க நாடாளுமன்றம் 1892இல் இச்சலுகையைச் சட்டமாக்கியது. இதைப் பெற ஒருவர் ஓட்டாண்டியாகியிருக்க வேண்டியதில்லை என்று 1948இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கைதிகள் பெருமளவில் இதை நாடியது பிறகுதான். சமய நூல்கள் மறுக்கப்பட்ட இல்லினாய் கைதி ஒருவரின் வழக்கில் (கூப்பர் எதிர் பேட், 1964), சிறை அதிகாரிகள் மீது குடிமை உரிமைகள் சட்டப்படி வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பானது. வக்கீல் இல்லாமல், கையால் எழுதிய மனுக்கள் குவிந்தன. 1995இல் இவ்வகை வழக்குகள் சுமார் 40,000.

இவ்வழக்குகளுக்கு எழுந்த எதிர்ப்புக்கு வேர்க்கடலை வெண்ணெய் கைகொடுத்தது. வழவழப்பானது கேட்டுக் கொரகொரப்பானது கிடைத்ததற்காக ஒருவர் வழக்குப் போட்டார் என்ற கதையை மாநில அட்டர்னி ஜெனரல்கள் பரப்பினார்கள். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதி ஜான் நியூமன் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். தவறான ஜாடியைக் கைதி திருப்பிக் கொடுத்திருந்தார். சரியானது வருமுன் அவர் வேறு சிறைக்கு மாற்றப்பட்டார், கணக்கிலிருந்து பிடித்த 2.50 டாலர் திரும்பவில்லை. சிறைக்குள் அது சிறு தொகை அல்ல. ஆனால் திருத்தத்தைவிடக் கதைக்கே கால் அதிகம்.

1996 ஏப்ரலில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டம் விலக்கைத் தவணையாக்கியது. முந்தைய ஆறு மாதச் சராசரி வரவு அல்லது இருப்பு, எது அதிகமோ அதில் 20 விழுக்காடு முதலில் போகும். பிறகு கணக்கில் 10 டாலருக்கு மேல் சேரும்போதெல்லாம், முந்தைய மாத வரவில் 20 விழுக்காடு பிடிக்கப்படும். தோற்றாலும் முழுக் கட்டணத்தையும் (இன்று 350 டாலர்) அடைக்க வேண்டும். கையில் காசே இல்லாதவரின் மனுவை மட்டும் அதற்காகத் தடுக்கக் கூடாது. அற்பமானவை, சட்ட அடிப்படையற்றவை என்று மூன்று வழக்குகள் தள்ளுபடியானால் தவணைச் சலுகையும் போய்விடும். உடலுக்குக் கடும் தீங்கு நேரும் அபாயம் கண்முன் இருந்தாலே விதிவிலக்கு. 2000இல் வழக்குகள் 25,000 அளவுக்குக் குறைந்திருந்தன.

உச்ச நீதிமன்றம் பிறகும் இறுக்கவே செய்தது. ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியே 20 விழுக்காடு பிடிக்கலாம் என்றது 2016ஆம் ஆண்டின் புரூஸ் வழக்கு. ஐந்து வழக்கு நடத்துபவரின் மாத வரவு முழுதும் கட்டணத்துக்கே போகும். மீண்டும் தொடர இடம் வைத்துத் தள்ளிய வழக்கும் மூன்றில் ஒன்றாகும் என்றது 2020ஆம் ஆண்டின் லோமாக்ஸ் தீர்ப்பு.