மடியும் நோயும்: அமெரிக்கத் தென்னகத்து ஏழை வெள்ளையர்

அமெரிக்கத் தென்னகத்து ஏழை வெள்ளையரை மடியர் என இகழும் வழக்கு மிகப் பழையது. 1728இல் வர்ஜீனியா, வட கரோலைனா எல்லையை அளக்கச் சென்ற வில்லியம் பேர்ட், எல்லைப்புறத்து ஆடவர் மனைவியரை உழைக்கவிட்டுத் தாம் உறங்குவர் என எள்ளி எழுதினார். அடிமைகளும் பெருநிலமும் உடைய செல்வர் அவர் என்பதை மறத்தலாகாது. 1853இல் ஹேரியட் பீச்சர் ஸ்டோ, குறையை இம்மக்கள்மேல் ஏற்றாது, உழைப்பையே இழிவாக்கிய அடிமை முறைமேல் ஏற்றினார். எனினும் 'வெள்ளைக் குப்பை' என்னும் வசைச்சொல்லை அவரும் தம் இயலின் தலைப்பில் வைத்தார்.

அம் 'மடி' உண்மையில் யாது? 1902இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்னும் விலங்கியலறிஞர் தென்னகத்தில் கொக்கிப்புழு நோய் பரவியிருத்தலை வெளிப்படுத்தினார். வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் இப்புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். சோகையும் சோர்வும் மிகும். சிறார் வளர்ச்சி குன்றும். சிலர்க்கு மண் தின்னும் வேட்கையும் உண்டாகும். 'மண் தின்னிகள்' என்று இம்மக்களை முன்னோர் பழித்ததை ஈண்டு நினைவுகூர்க. செய்தித்தாள்களோ இதனை 'மடிக்கிருமி' என்று நகையாடின. 1909இல் ராக்பெல்லர் அளித்த பத்து இலட்சம் டாலரைக்கொண்டு அமைந்த குழு, தான் ஆய்ந்த பள்ளிச் சிறாருள் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேரிடம் இந்நோயைக் கண்டது. இருநூறாண்டுப் பழியில் ஒரு பெரும்பகுதி குருதிக் குறைவே என்று கொள்ளுதல் பொருந்தும்.

ஆயினும் பழி அகலவில்லை, குடிப்பிறப்பின்மேல் ஏறியது. வர்ஜீனியாவின் 1924ஆம் ஆண்டுச் சட்டப்படி, கேரி பக் என்னும் ஏழை வெள்ளைப் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தல் தகும் என 1927இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவுக்குறை வழிவழி வரும் என்பதே காட்டப்பெற்ற காரணம். அவர்தம் மகளோ பின்னர்ப் பள்ளியில் நன்மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள்!

1932இல் எர்ஸ்கின் கால்டுவெல் எழுதிய 'புகையிலைச் சாலை' இக்கருத்துச் சூழலிலே தோன்றியது. வளமிழந்த மண்ணையும் பசியையும் அவர் நன்கறிவார். ஆயின் பசித்தவரைக் கோமாளிகளாக்கிவிட்டார். நாடகமாகிய அக்கதை நியூயார்க்கில் 3,182 முறை நடிக்கப்பெற்றது. அவையோர் பசியைக் கண்டு சிரித்தனர் என்பதே நம் குறை.

1960இல் வெளிவந்த ஹார்ப்பர் லீயின் புதினம் ஏழை வெள்ளையரை இரு குடும்பங்களாகப் பிரிக்கிறது: கன்னிங்காம் குடி நாணயமுடையது, யூவெல் குடி கீழ்மையுடையது. பழைய வசை முழுதும் யூவெல் குடிமேல் விழுகிறது. ஆனால் வெறுங்காலுடன் பள்ளிக்கு வரும் கன்னிங்காம் சிறுவனைப் பற்றி, அவன் முகமே கொக்கிப்புழு நோயை அறிவித்தது என்கிறார் ஆசிரியர். யூவெல் சிறுவனுக்கு அவர் தருவது தலைப்பேன்.