சிபாரிசுக் கடிதமும் அமெரிக்காவின் முதல் அரசாங்கமும்



படிவம் 4, 5 மாணவர்களுக்கு அலுவல் கடிதம் நடத்தும்போது அமைப்புமுறை சீக்கிரம் வந்துவிடும். அனுப்புநர், பெறுநர், தலைப்பு, கையொப்பம் எல்லாம் பிசகாமல் எழுதிவிடுவார்கள். ஆனால் ஒரு கடிதத்தால் ஒருத்தருக்கு வேலை கிடைக்கும், இன்னொருத்தருக்கு வேலை போகும் என்பது அவர்கள் மனசில் ஏறுவதே இல்லை. அதைச் சொல்ல நான் எடுத்துக்கொள்வது அமெரிக்க வரலாற்றின் ஆரம்ப வருடங்களை. நீங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெஞ்சமின் பிராங்கிளினிலிருந்து தொடங்குவோம். 1776 டிசம்பரில், எழுபது வயதில், அவர் பிரான்சுக்குப் போனார். பிரிட்டனை எதிர்த்து நடந்துகொண்டிருந்த போருக்கு பிரெஞ்சு அரசரின் உதவியைக் கேட்பதுதான் வேலை. ஆனால் அவர் வீட்டு வாசலில் தினமும் வந்து நின்றவர்களோ அமெரிக்க ராணுவத்தில் அதிகாரியாகச் சேர ஆசைப்பட்டவர்கள். வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் கொடுங்கள் என்று விடாமல் நச்சரிப்பு. மனுஷர் நொந்துபோய் 1777 ஏப்ரலில் ஒரு மாதிரிக் கடிதமே எழுதி வைத்தார், முன்பின் தெரியாதவருக்கான சிபாரிசுக் கடிதம். இதைக் கொண்டுவருகிறவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, பெயர்கூடத் தெரியாது. இவருடைய குணத்தையும் திறமையையும் இவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், என்னைவிட இவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும் என்கிற ரீதியில் போகிறது அது. வகுப்பில் வாசித்துக் காட்டினால் பின்வரிசைகூடச் சிரிக்கும்.

ஆனால் அதே பிராங்கிளின் அதே வருடம் செப்டம்பரில் செய்ததையும் பாருங்க. ஸ்டூபன் என்ற ஜெர்மானியருக்குக் கடிதம் கொடுத்தபோது, அவரை பிரஷ்ய அரசரின் படையில் லெப்டினன்ட் ஜெனரலாக இருந்தவர் என்று அறிமுகப்படுத்தினார். உண்மையில் ஸ்டூபன் அங்கே கேப்டன் பதவியோடு நின்றுபோனவர். கடிதத்தை நம்பி அமெரிக்கர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1778இல் வேலி ஃபோர்ஜ் முகாமில் துவண்டு கிடந்த படைக்குப் பயிற்சி கொடுத்து நிமிர்த்தியவர் அவர்தான்! பொய்ச் சான்று நல்ல ஆளைக் கொண்டுவந்து சேர்த்த கதை இது. மாணவர்களிடம் இதைச் சொன்னால், அப்போ பொய் எழுதலாமா டீச்சர் என்று கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்து, 1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் முதல் அதிபராகப் பதவியேற்றார். புது அரசாங்கம் என்பதால் சுங்கத்துறை, நீதிமன்றம், கருவூலம் என்று எல்லா இடத்துக்கும் ஆள் தேவை. இன்றுபோல் தேர்வோ நேர்முகமோ கிடையாது. மனுவும் சிபாரிசும்தான். பதவியேற்கும் முன்பே கடிதங்கள் குவிந்தன. யாருக்கும் முன்கூட்டி வாக்குக் கொடுக்க மாட்டேன் என்பதே அவருடைய பதிலாக இருந்தது.

அந்த நேரத்தில் அவருடைய தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டன், வர்ஜீனியாவில் மத்திய அரசு வழக்குரைஞர் பதவியைக் கேட்டு எழுதினார். நம்ம ஊரில் "கேபிள் இருக்கா?" என்று கேட்போமே, அதிபரே பெரியப்பா என்றால் அதைவிடப் பெரிய கேபிள் உண்டா? ஆனால் வாஷிங்டன் மறுத்துவிட்டார். உன்னைவிட அனுபவமும் பேரும் பெற்ற வழக்குரைஞர்கள் அங்கே இருக்கிறார்கள், சொந்தக்காரர்களுக்கு நான் என்ன செய்கிறேன் என்று எல்லார் கண்ணும் என்மேல்தான் இருக்கிறது என்பது அவருடைய பதிலின் சாரம். அதே புஷ்ராட் 1798இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். நியமித்தவர் அடுத்த அதிபர் ஜான் ஆடம்ஸ். குடும்பப் பெயர் அங்கே எவ்வளவு உதவியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

என் மனசை உறுத்துவது இன்னொரு கடிதம். மேரி கேத்தரின் காடர்ட் என்ற பெண்மணி பால்டிமோரில் அச்சகம் நடத்தியவர். 1775 முதல் அந்த நகரத்தின் அஞ்சல் தலைவராகவும் இருந்தவர். சுதந்திரப் பிரகடனத்தைக் கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு 1777 ஜனவரியில் முதலில் அச்சிட்டது அவருடைய அச்சகம்தான். பிரிட்டன் ஜெயித்திருந்தால் அது தூக்குக்கயிறு வரை போயிருக்கும். அப்படியிருந்தும் தன் முழுப்பெயரைத் தாளின் அடியில் போட்டார். அவரைத்தான் 1789இல் வேலையிலிருந்து எடுத்தார்கள். இந்த வேலைக்கு இனி நிறையப் பயணம் தேவைப்படும், பெண்ணால் முடியாது என்று காரணம் சொல்லப்பட்டது. பதினான்கு வருட வேலை, போச்சு.

பால்டிமோர் நகரத்தவர் இருநூறு பேருக்கு மேல் அவருக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். காடர்ட் அம்மையார் தாமே வாஷிங்டனுக்கு எழுதினார். அஞ்சல்துறைத் தலைவரின் நியமனங்களில் நான் தலையிடுவதில்லை என்று 1790 ஜனவரியில் பதில் வந்தது. செனட்டுக்கும் மனு போட்டார், பலனில்லை. தலையிடாமல் இருந்ததும் ஒரு முடிவுதானே? புஷ்ராட் விஷயத்தில் நான் மதிக்கும் அதே கறார்த்தனம் இங்கே எனக்கு வலிக்கிறது.

அடுத்து ஜெபர்சன். 1801இல் அவர் அதிபரானபோது, ஆடம்ஸ் தம் கடைசி நாட்களில் தன் கட்சி ஆட்களால் இடங்களை நிரப்பிவிட்டுப் போயிருந்தார். நியூ ஹேவன் துறைமுகச் சுங்க வசூல் அதிகாரியை ஜெபர்சன் நீக்கி, எழுபது வயதைத் தாண்டிய சாமுவேல் பிஷப்பை நியமித்தார். கிழவருக்குப் பதவி, கட்சிக்காக மேடை ஏறிய அவர் மகன் ஏப்ரகாமுக்கு நன்றிக்கடன் என்று எதிர்க்கட்சியினர் கேலி பேசினார்கள். ஊர் வணிகர்கள் கண்டனக் கடிதம் அனுப்ப, ஜூலையில் ஜெபர்சன் பதில் எழுதினார். எங்கள் தரப்புக்கும் பங்கு வேண்டாமா, இருப்பவர்கள் சாவதும் அபூர்வம், ராஜினாமா செய்வதோ இல்லவே இல்லை, பிறகு காலியிடம் எப்படி வரும் என்று கேட்டார். 1803இல் பிஷப் இறந்தார். அந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தது மகன் ஏப்ரகாமேதான்.

அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, ஜெயித்த கட்சிக்கே வேலை என்பது வெளிப்படையான வழக்கமாகிவிட்டது. 1881இல் பதவி கிடைக்காத ஒருவன் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டுக் கொன்ற பிறகுதான் 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்தது. ஒரு பகுதி வேலைகளுக்காவது போட்டித் தேர்வு கட்டாயமானது. அந்தச் சட்டத்தின் பத்தாவது பிரிவு சிபாரிசுக் கடிதத்துக்கென்றே எழுதப்பட்டது. செனட்டரோ நாடாளுமன்ற உறுப்பினரோ கொடுக்கும் சிபாரிசில் இரண்டே விஷயங்களைத்தான் கணக்கில் எடுக்கலாம்: விண்ணப்பித்தவரின் நடத்தை, அவர் குடியிருக்கும் இடம்.

வகுப்புக்கு ஒரு யோசனை. காடர்ட் அம்மையாருக்காக வாஷிங்டனுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், 120 சொற்களில். பாதி வகுப்பு அதை எழுதட்டும். மீதிப் பாதி வாஷிங்டனாக இருந்து பதில் எழுதட்டும். இரண்டு பாடவேளை வேண்டியிருக்கும்.