டோல் வேறு, நெரிசல் கட்டணம் வேறு! வேலூர் - ஆம்பூர் சாலைக்கு இது சரிப்பட்டு வருமா?

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஆம்பூருக்கு ஒரு பக்கம் பள்ளிகொண்டா டோல்கேட், மறுபக்கம் வாணியம்பாடி டோல்கேட். ஷூ பெட்டிகளோடு சென்னை துறைமுகத்துக்குக் கிளம்பும் கன்டெய்னர் லாரி நள்ளிரவு 2 மணிக்குப் போனாலும், காலை 9 மணிக்குப் போனாலும் பள்ளிகொண்டாவில் ஒரே கட்டணம்தான்.

நெரிசல் நேரத்தில் அதிகமாகவும், மற்ற நேரத்தில் குறைவாகவும் வசூலித்தால் என்ன? இதுதான் 'நெரிசல் கட்டணம்'.

டோலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டோல் என்பது சாலை போட்ட செலவை மீட்பதற்காக வாங்கப்படுவது. 2008-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலை கட்டண விதிகளின்படி வண்டியின் வகை, சாலையின் நீளம் போன்றவற்றை வைத்து கட்டணம் முடிவாகிறது. 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் ஒன்றரை மடங்கு கட்டினால் போதும். எந்த நேரத்தில் போகிறோம் என்பது கணக்கிலேயே இல்லை.

நெரிசல் கட்டணம், நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் தாமதத்துக்கான விலை. உதாரணத்துக்கு, 100 வண்டிகள் ஊர்ந்து போகும் இடத்தில் இன்னொரு லாரி நுழைந்து, ஒவ்வொரு வண்டிக்கும் 10 வினாடி தாமதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 வினாடி, அதாவது கிட்டத்தட்ட 17 நிமிடம். லாரிக்காரர் தன் டீசலுக்கும் நேரத்துக்கும் மட்டுமே கணக்குப் பார்ப்பார். அந்த 17 நிமிடம் அவர் கணக்கில் வராது. அதை வரவைப்பதுதான் இந்தக் கட்டணத்தின் வேலை.

தோல் ஆலைகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் ஆலைகள் 'பீக் ஹவர்' மின்சாரத்துக்கு ஏற்கனவே கூடுதலாகக் கட்டுகின்றன.

எங்கெல்லாம் இருக்கிறது?

சிங்கப்பூர் 1975-லேயே தொடங்கி, 1998-ல் மின்னணு முறைக்கு மாறியது. லண்டன் 2003-ல் 5 பவுண்டுடன் ஆரம்பித்தது. ஸ்டாக்ஹோம் 2006-ல் சோதனை நடத்தி, மக்களிடம் வாக்கெடுப்பும் நடத்தி, 2007-ல் நிரந்தரமாக்கியது. அங்கே கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. நியூயார்க்கில் 2025 ஜனவரி 5 முதல் கார்களுக்கு பீக் ஹவரில் 9 டாலர்.

விமான நிலையத்திலும் இதே கதைதான். விமானத்தின் எடையை வைத்து தரையிறங்கும் கட்டணம் வாங்கினால், சின்ன விமானம் குறைவாகக் கொடுத்துவிட்டு ஓடுபாதையைப் பிடித்துக்கொள்ளும். பெரிய விமானம் வானத்தில் சுற்றும். 1968-ல் நியூயார்க் விமான நிலையங்களில் பீக் ஹவரில் சின்ன விமானங்களுக்கான குறைந்தபட்சக் கட்டணம் 5 டாலரிலிருந்து 25 டாலராக ஏறியது. அந்த நேரத்தில் அவற்றின் வரத்தும் குறைந்தது.

இங்கே கொண்டு வந்தால்?

முதல் சிக்கல், இடம். வேலூர் கிரீன் சர்க்கிளில் திணறும் உள்ளூர் பஸ், ஆட்டோ, பைக் எதுவும் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டுவதில்லை. டோலை ஏற்றினால் அங்கே நெரிசல் குறையாது. நெரிசல் எங்கேயோ, கட்டணமும் அங்கேதான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, யாரால் நேரத்தை மாற்ற முடியும்? கப்பல் புறப்பாட்டுக்கு ஒரு நாள் முன்பே சரக்கு தயாராக இருந்தால் லாரி இரவில் போகலாம். ஆனால் ஷூ கம்பெனி ஷிப்டுக்குப் போகும் பெண்களுக்கு அந்த வசதி இல்லை. நேரத்தை முடிவு செய்வது கம்பெனி. எனவே பஸ்களுக்கும் தொழிலாளர் வேன்களுக்கும் விலக்கு இல்லையென்றால், கட்டணம் கடைசியில் சம்பளத்தில்தான் கை வைக்கும். சிங்கப்பூரில் 1975-ல் பஸ்களுக்கு விலக்கு இருந்தது.

மூன்றாவது, பணம் எங்கே போகிறது? லண்டனும் நியூயார்க்கும் அதைப் பொதுப் போக்குவரத்துக்கே திருப்புகின்றன. இங்கேயும் கூடுதல் பஸ்ஸாகவோ, காட்பாடி - ஜோலார்பேட்டை பாதையில் ஷிப்டு நேரத்து ரயிலாகவோ திரும்பி வந்தால், அது நெரிசல் கட்டணம். வராவிட்டால், அது இன்னொரு டோல். அவ்வளவுதான்.