இரு நண்பர்கள், இரண்டு ரயில் பாஸ்கள்

வெளிநாட்டுக்குச் சேர்ந்து போகலாம் என்று இரண்டு நண்பர்கள் முடிவெடுத்துவிட்டால் பேச்சு சீக்கிரமே ரயில் பாஸில் வந்து நிற்கும். ஐரோப்பா என்றால் யூரெயில், ஜப்பான் என்றால் ஜே.ஆர். பாஸ். இரண்டும் ஒரே சரக்கு என்று நினைத்து விலையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள்தான் அதிகம். என் கணிப்பில் இரண்டும் விற்கும் பொருளே வேறு. யூரெயில் விற்பது, எங்கே எப்போது போவது என்பதைக் கடைசி நேரத்தில் முடிவு செய்யும் உரிமையை. ஜே.ஆர். பாஸ் விற்பது தூரத்தை, மொத்த விலைக்கு.

இந்த வேறுபாடு டிக்கெட் விலையிலிருந்து தொடங்குகிறது. ஐரோப்பாவில் அதிவேக ரயில்களின் கட்டணம் விமானக் கட்டணம்போல ஏறி இறங்கும். இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தால் மலிவு; ஆனால் அந்த டிக்கெட் பெரும்பாலும் குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். முந்தின நாள் எடுத்தால் அதே இருக்கை பல மடங்கு விலை. பாஸ் வைத்திருப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. ஜப்பானில் ஷிங்கன்சென் எனப்படும் அதிவேக ரயில்களின் கட்டணம் பெரும்பாலும் தூரக் கணக்குதான். சில முன்பதிவுச் சலுகைகளை விட்டால், போன மாதம் எடுத்தாலும் இன்று காலை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே நெரிசல் நேரத்தில் நோசோமி என்னும் ஷிங்கன்சென் ரயில்கள் மணிக்குப் பன்னிரண்டு வரை ஓடுகின்றன. கடைசி நேரத்தில் முடிவெடுக்கும் வசதி அங்கே எல்லாருக்கும் ஏற்கெனவே இருக்கிறது. பாஸ் தனியாக அதை விற்க வேண்டியதில்லை.

அதனால் ஜப்பானில் கணக்கு ஒன்றுதான்: போகிற தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். 2023 அக்டோபர் வரை ஏழு நாள் சாதாரண வகுப்புப் பாஸ் 29,650 யென். தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்குப் போய்த் திரும்பினாலே ஏறக்குறைய 28,000 யென் ஆகிவிடும் என்பதால் அப்போது யோசிக்காமல் வாங்கியிருக்கலாம். இன்று அதே பாஸ் 50,000 யென். பதினான்கு நாளுக்கு 80,000. தோக்கியோ, கியோத்தோ, ஹிரோஷிமா பார்த்துவிட்டு மீண்டும் தோக்கியோ என்று ஒரு சுற்று வந்தாலும் தனித்தனி டிக்கெட்டுகள் சுமார் 45,000 யென்னில் முடியும். முதல்முறை போகிற நம்மவர்களில் பெரும்பாலோர் பார்க்க நினைப்பது இந்தச் சுற்றைத்தான். அவர்கள் நாடு முழுவதற்குமான பாஸை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். தெற்கே ககோஷிமா வரை போகிறவருக்குக் கதை வேறு. தோக்கியோவிலிருந்து ஒருவழிக்கே 30,000 யென்னைத் தொடும், போய்வந்தால் பாஸின் விலையைத் தாண்டிவிடும்.

வாங்குவது என்று முடிவானால் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நாட்கள் தொடர்ச்சியாக எண்ணப்படும். இடையில் ஒரு நாள் ஓய்வெடுத்தாலும் அந்த நாள் போயிற்று. அதிவேகமான நோசோமி, மிசுஹோ ரயில்களுக்குப் பாஸோடு தனிக் கட்டணம் உண்டு. தோக்கியோ–கியோத்தோ நோசோமிக்கு அது 4,960 யென். ஹிகாரி ரயிலில் ஏறினால் அந்தச் செலவு இல்லை, சற்று நேரம்தான் கூடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டியைத் தோக்கியோ–ஹக்காத்தா தடத்தில் கொண்டுபோக, அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் வெளிநாட்டுக்கென்று எடுக்கும் பெரிய பெட்டி இந்த அளவைத் தாராளமாக எட்டும். கூரியரில் பெட்டியை அடுத்த ஊர் விடுதிக்கு அனுப்பிவிட்டுக் கைப்பையோடு ரயில் ஏறுவது அங்கே அன்றாட வழக்கம். பாஸ் தொலைந்தால் மறுபடி தரமாட்டார்கள் என்பதால் அவரவர் பாஸ் அவரவரிடமே இருக்கட்டும்.

யூரெயிலின் கணக்கு இத்தனை எளிதல்ல. 1959-இல் தொடங்கிய இந்தப் பாஸ் இன்று 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் ஏதாவது நான்கு, ஐந்து அல்லது ஏழு பயண நாள், இரண்டு மாதத்துக்குள் பத்து அல்லது பதினைந்து பயண நாள் என்று எடுக்கலாம். இரண்டு பேர் போகும்போது இந்த அமைப்பு எவ்வளவு உதவும் என்பதை அனுபவத்தில்தான் உணர முடியும். வெனிஸில் இன்னொரு நாள் இருக்கலாம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் வியன்னாவுக்கு முன்னாலேயே போக நினைக்கலாம். சண்டை இல்லாமல் பிரிந்து போய்ப் பிறகு சேர்ந்துகொள்ளலாம். பாஸ் தனித்தனி, நாட்களும் தனித்தனி. ரயில் தாமதமாகும்போதும் கை கொடுக்கும். ஜெர்மனியில் 2024-இல் தொலைதூர ரயில்களில் சுமார் 62 விழுக்காடுதான் நேரத்துக்கு வந்தன. இணைப்பு தவறினாலும் பெரும்பாலும் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.

ஆனால் இந்தச் சுதந்திரம் எல்லா நாட்டிலும் ஒரே அளவில் இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து ஆகியவற்றில் பெரும்பாலான ரயில்களில் நேராகப் போய் உட்காரலாம். பிரான்சின் டி.ஜி.வி., இத்தாலியின் அதிவேக ரயில்கள், யூரோஸ்டார் ஆகியவற்றுக்கு இருக்கைக் கட்டணம் தனி. யூரோஸ்டாரில் அது 30 யூரோவைத் தொடும், பாஸ்காரர்களுக்கான இடங்களும் குறைவு. பாரிஸ், பார்சிலோனா, ரோம் என்று அதிவேக ரயில்களை மட்டுமே நம்பித் திட்டம் போட்டால் பாஸின் பாதிப் பயன் போய்விடும். அப்படிப்பட்ட பயணத்துக்கு முன்கூட்டியே தனி டிக்கெட் எடுப்பதே சிக்கனம். சுவிட்சர்லாந்தில் நேர்மாறு. கூர் நகரிலிருந்து பெர்னினா கணவாய் வழியாக இத்தாலியின் தீரானோவுக்கு ஓடும் பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவுக் கட்டணம் கட்டாயம். அதே தண்டவாளத்தில், அதே 2,253 மீட்டர் உயரத்தைத் தொட்டுச் செல்லும் சாதாரண வட்டார ரயில்களுக்குப் பாஸ் மட்டும் போதும். இடையில் மாறி ஏற வேண்டும், அவ்வளவே. ஜன்னலைத் திறக்க முடிகிற பெட்டியும் பல நேரம் கிடைக்கும். நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நம் நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. யூரெயிலின் வரைபடமும் ஷெங்கன் விசாவின் வரைபடமும் ஒன்றல்ல. பிரிட்டன், அயர்லாந்து, துருக்கி, செர்பியா எல்லாம் பாஸில் இருக்கின்றன, ஷெங்கனில் இல்லை. லண்டனுக்குத் தனி விசா. பாதியில் ஷெங்கனை விட்டு வெளியேறித் திரும்புவதானால் பல நுழைவு விசா தேவை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். பயணத் திட்டமும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். பாஸ் தரும் சுதந்திரத்தை விசா விண்ணப்பம் கொஞ்சம் பறித்துக்கொள்கிறது. எனவே விசா கைக்கு வந்தபின் பாஸ் வாங்குங்கள். கைபேசிப் பாஸை வாங்கியதிலிருந்து பதினொரு மாதத்துக்குள் தொடங்கலாம் என்பதால் அவசரமும் இல்லை.

நண்பர்களில் ஒருவர் அங்கேயே வசிப்பவர் என்றால் இரண்டு பாஸும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. சூரிச்சிலோ லண்டனிலோ இருக்கும் தமிழருக்கு யூரெயில் கிடையாது. அவர் எடுக்க வேண்டியது 1972-இல் வந்த இன்டர்ரெயில். பயன் ஏறத்தாழ அதேதான், தன் சொந்த நாட்டுக்குள் மட்டும் வெளியேறவும் திரும்பவும் என்ற அளவில் கட்டுப்பாடு. இருவரும் ஒரே ரயிலில் ஒன்றாகவே போகலாம். தோக்கியோவில் மென்பொருள் வேலையில் இருக்கும் நண்பருக்கோ ஜே.ஆர். பாஸே கிடையாது, குறுகிய காலப் பார்வையாளர் என்று கடவுச்சீட்டில் முத்திரை இருந்தால்தான் தருவார்கள். ஒருவர் பாஸோடும் மற்றவர் டிக்கெட்டோடும் போனால், பாஸ்காரர் நோசோமியைத் தவிர்க்கப் பார்ப்பார், மற்றவருக்கு அதில் ஏறத் தடையில்லை. அந்த ஜோடி இருவருக்கும் தனி டிக்கெட்டே எடுத்துவிடுவது நல்லது. ககோஷிமா இருக்கும் கியூஷு தீவை மட்டும் சுற்றுவதாக இருந்தால், வெளிநாட்டிலிருந்து போகிறவர் அந்தத் தீவுக்கென்று இருக்கும் மலிவான பாஸை எடுத்துக்கொள்ளலாம்.