முதற்குறியில் நின்ற வழிபாடு

பாபிலோனியர் களிமண் ஏடுகளிற் பொறித்த ஆப்பெழுத்தில் ஒரே குறி பல ஒலிகளைத் தருதலுண்டு. இவ்வியல்பினைப் புலவர் செய்யுட்கு அணியாக்கினர். கி. மு. 1000 ஆம் ஆண்டையொட்டி அக்காடிய மொழியில் எழுந்த ஓர் உரையாடற் செய்யுள் இதற்குச் சான்றாம். அதன்கண் 27 பகுதிகள் உள. பகுதிதோறும் 11 அடிகளும் ஒரே குறிகொண்டு தொடங்கும். சிலவிடத்து அக்குறி வேறொலியாய்ப் படிக்கப்படும். ஆதலின், ஏட்டைக் கண்ணாற் காண்பார்க்கே இவ்வமைதி முற்றும் விளங்கும்.

நல்லோர் துன்புறத் தீயோர் வாழ்தல் ஏன் எனத் துயருற்றோன் வினவ, நண்பன் விடையிறுக்கின்றான். ஈற்றில், மாந்தர்க்குப் பொய்ம்மொழி தந்தோர் தேவரே என அந்நண்பனும் உடன்படுகின்றான். ஆயினும், முதற்குறிகள் 27ஐயும் ஒருங்கு கூட்டின், இயற்றியோன் சக்கில்-கீனம்-உப்பிப் என்னும் பேயோட்டும் மந்திரவினையாளன் என்பதும், கடவுளையும் அரசனையும் வழிபடுவோன் என்பதும் புலனாம். அடிகளில் முறையீடு ஒலிப்ப, அவற்றின் முதலில் வழிபாடு நின்றது. இறைவனை வினாவுதல் அவனை மறுத்தலாகாது என அப்புலவன் கருதினான் போலும்.