பரங்கிப் புண்ணிலிருந்து புள்ளிராஜா வரை

நாட்டுமருந்துக் கடைப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டுப் பேத்தி, "தாத்தா, பரங்கிப்பட்டைன்னா என்ன?" என்று கேட்டாள். பதிலைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மீதியை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களெல்லாம் பிள்ளை பெற்றவர்கள்.

போர்ச்சுக்கீசியர் வந்த காலத்தையொட்டிப் பரவிய பால்வினை நோய்க்கு நம்மவர்கள் வைத்த பெயர் பரங்கிப் புண். அதற்குக் கொடுத்த மருந்துதான் பரங்கிப்பட்டை. ஐரோப்பாவிலும் இதே கதைதான். அதே நோயை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். 1868இல் வெள்ளைக்காரன் இங்கே ஒரு சட்டம் போட்டான். சிப்பாய்களுக்கு நோய் வராமலிருக்கப் பெண்களைப் பதிவு செய்து சோதிப்பது. சிப்பாயைச் சோதிக்க அதில் இடமில்லை. 1888இல் சட்டம் போனது. ஊர்ப்பக்கம் பெயர் மட்டும் நின்றது: பொம்பளைச் சீக்கு. வாங்கி வருபவன் ஆம்பளை, பழி பொம்பளைக்கு.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் சொல்லி, அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். அதை ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. செய்தி வந்ததும் எங்கள் ஊர் டீக்கடையில், "அது மெட்ராஸ் சீக்கப்பா" என்று சிரித்தார்கள். நானும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் லாரியும் ரிக் வண்டியும்தான் பிழைப்பு. வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்காகும். 1997 வாக்கில் ஒரு மாணவனின் தாய் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தார். (எந்த மாணவன் என்று தேடாதீர்கள்.) "வாத்தியாரய்யா, எங்க வீட்டுக்காரருக்கு என்னங்க எழுதியிருக்குது?"

படித்தேன். புரிந்தது. ஊரில் அதற்கு இருந்த ஒரே பெயரை ஒரு பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை. "ரத்தத்துல கோளாறும்மா, டாக்டர் சொல்றபடி செய்யச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டேன். அவரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றோ, ஆணுறை என்ற ஒன்று உண்டு என்றோ சொல்லவில்லை.

1994இலேயே மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்துவிட்டது, நாட்டிலேயே முதலாவது. லாரிகள் நிற்குமிடங்களில் ஆணுறை கொடுத்தார்கள், பால்வினை நோய்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அந்தப் புண்கள் இருந்தால் எச்.ஐ.வி. எளிதாகத் தொற்றும் என்பதால் இரண்டும் ஒரே வேலைதான். பிறகுதான் சுவரெல்லாம் அந்தக் கேள்வி: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது பெரிய வேலையாகப் பட்டது. பரங்கியும் இல்லை, மெட்ராஸ்காரியும் இல்லை; முதல் தடவையாகக் கேள்வி நம்மூர் ஆம்பளையைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் வந்தது. கர்ப்பிணிகளுக்குச் சோதனை வழக்கமானது. 2004 ஏப்ரலில் தாம்பரத்தில் கூட்டு மருந்து இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அந்தம்மா 2001இலேயே இறந்துவிட்டார். கணவருக்கு ஓராண்டு பின்னால். துக்கத்துக்குப் போயிருந்தேன். என்ன நோய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.