வைக்கோல் தீவனம்

வைக்கோல் தீவனம்: நெற்கதிர் அடித்தபின் எஞ்சும் உலர்ந்த தாள், அசைபோடும் கால்நடைகளுக்கான நார்த்தீவனம். உலர்தீவனம், பசுந்தீவனம், அடர்தீவனம் என்னும் மூவகையுள் முதலாவதைச் சார்ந்தது.

பரவல்: திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரி, கொள்ளிடப் பாசனம் பெறும் ஸ்ரீரங்கம், லால்குடி வட்டாரங்களில் முதன்மை உலர்தீவனம். மானாவாரி நிலம் மிகுந்த மணப்பாறைப் பகுதியில் சோளத்தட்டை, கடலைக்கொடி ஆகியனவும் இடம்பெறும்.

சத்து: புரதம் சுமார் 3–4%, சிலிக்காவும் லிக்னினும் மிகுதியாதலால் செரிமானம் குறைவு. ஆகவே கம்பு நேப்பியர் புல், அகத்தி, தவிடு, கடலைப் பிண்ணாக்கு, தாது உப்புக் கலவை ஆகியவற்றுடன் சேர்த்தளிக்கப்படும்.

ஊட்டமேற்றல்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் சுமார் 21 நாள் மூடிவைப்பர். உருவாகும் அம்மோனியா நார்ப்பிணைப்பைத் தளர்த்திச் செரிமானத்தைக் கூட்டும். 6 மாதத்திற்கு உட்பட்ட கன்றுகளுக்கு ஊட்டமேற்றிய வைக்கோல் ஏற்றதன்று.

சேமிப்பு: மரபாகப் போராக அடுக்கப்பட்டது, அறுவடை இயந்திரங்கள் பரவியபின் உருளைக் கட்டுகளாகவும் சேமிக்கப்படுகிறது.